அண்ணாச்சிக்கு மரியாதை

திருநெல்வேலிக்காரன் வாயில் ‘லே’ வராமல் ஒரு பேச்சு முடியுமா, சொல்லுங்க. பெத்த மகனைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் லே, கூட்டாளியைக் கொஞ்சினாலும் லே, வரப்புத் தகராறில் மண்வெட்டியைத் தூக்கினாலும் அதே லேதான். எந்த லே எதுக்கு என்று இந்த ஊரில் நடை பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு மிஷினுக்குத்தான் தெரியவில்லை. அதுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை கெசியா தலையில் வந்து விழுந்தது.

அந்த மிஷின் ‘பள்ளித்துணை’ என்கிற செயலிக்குள் உட்கார்ந்திருந்தது. வீட்டுப்பாடம், அறிவிப்பு, பரீட்சைத் தேதி எல்லாம் இப்போது நிறையப் பள்ளிக்கூடங்களில் அதில்தான் வருகிறது. வகுப்புக்கு ஒரு குழு உண்டு, பிள்ளைகள் அதில் அரட்டை அடிக்கலாம். யாராவது யாரையாவது மிரட்டினாலோ, நாலு பேர் சேர்ந்து ஒருத்தியைப் போட்டு நோகடித்தாலோ, மிஷின் கண்டுபிடித்து, எழுதினவனைக் குழுவுக்கு வெளியே தள்ளிப் பூட்டிவிடும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அதுக்குத் தமிழ் படித்துக்கொடுத்தவர்கள் தாமிரவருணித் தண்ணி குடிக்காத ஆட்கள். சென்னைப் பையன் ‘டேய்’ என்று எழுதினால் விட்டது. நம்ம பையன் ‘லே’ என்று எழுதினால் வசவு என்று பிடித்தது. ராதாபுரத்தில் இசக்கிமுருகன் என்று ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன், காய்ச்சலில் படுத்த கூட்டாளிக்கு, ‘ஏலே மூதி, எங்கலே போய்த் தொலஞ்ச, நீ இல்லாம கிளாசே நல்லால்ல’ என்று எழுதினான். இதைவிடப் பாசமாக ஒருத்தன் எப்படி எழுதுவான்? மிஷின் அவனை மூன்று நாள் பூட்டிப் போட்டது. அந்த மூன்று நாளில் பரீட்சைத் தேதி மாறின அறிவிப்பு வந்தது, பையன் பார்க்கவில்லை, பரீட்சை போச்சு. அவன் அப்பா பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டதுக்கு, மிஷினே சொல்லிட்டுது, நாங்க என்ன செய்ய என்று கையை விரித்துவிட்டார்களாம்.

இந்த ஓரவஞ்சனையைச் சரிபண்ணித் தரும் வேலையை வண்ணாரப்பேட்டையில் மாடியில் இருந்த ‘நெல்முத்து டேட்டா’ எடுத்தது. நடத்துகிறவன் மகேஸ்வரன். டவுனில் கீழரத வீதிப் பக்கத்துச் சைவ வீட்டுப் பையன். கெசியாவும் அவனும் பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரி. அவன் கம்ப்யூட்டர், அவள் தமிழ். பன்னிரண்டு வருசப் பழக்கம். ஆறு வருசம் தமிழ் டீச்சராக இருந்துவிட்டு நிர்வாகத்தோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தவளுக்கு, மறு வாரமே கூப்பிட்டு வேலை கொடுத்தவன் அவன்தான். கிறிஸ்மஸுக்குக் கெசியாவின் அக்கா வீட்டில் அவனுக்கென்று தனியாக மரக்கறிச் சாப்பாடு ஆகும். அவ்வளவு ஒட்டுறவு.

வேலை இன்னதுதான். கம்ப்யூட்டரில் ஒரு செய்தி வரும். படித்துப் பார்த்து நாலு முத்திரையில் ஒன்றைக் குத்த வேண்டும்: வதை, விளையாட்டு, சாதாரணம், மரியாதை. ஒரு செய்திக்கு இரண்டு பேர் தனித்தனியாகக் குத்துவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால் மட்டும் மகேஸ்வரன் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவான். இப்படிக் குத்தின முத்திரைகளைப் பார்த்துத்தான் மிஷின் படிக்கும். முப்பது பெண்கள் உட்கார்ந்து குத்தினார்கள், கெசியா அவர்களுக்குத் தலைவி. குத்தி முடித்த முத்திரையைத் திருத்த அவள் கணக்கிலும் மகேஸ்வரன் கணக்கிலும் மட்டும்தான் முடியும், திருத்தினவர் பேர்தான் கடைசியில் நிற்கும். எந்த லே கோபம், எந்த லே கொஞ்சல் என்று பக்கம் பக்கமாக எழுதி, நெல்லைப் பேச்சுக்கு ஒரு கையேடே போட்டுக்கொடுத்தாள்.

அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தாள். இசக்கிமுருகனின் அப்பா யாரிடம் போய்க் கேட்க முடிந்தது? மிஷினோடு மல்லுக்கட்ட முடியுமா? அதனால் யாராவது தீர்ப்பை எதிர்த்துக் கேட்டால், மிஷின் எந்த மாதிரிச் செய்திகளைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தது, அதுக்கு முத்திரை குத்தின மனுசர் யார் என்று பேரோடு காட்ட வேண்டும் என்றாள். பள்ளித்துணைக்காரர்கள் முதலில் முனங்கினார்கள். இவள் விடவில்லை. தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் என் சட்டையைப் பிடிக்கட்டும் என்று கடிதமே எழுதினாள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

நாலு மாதத்தில் லே தப்பித்தது. ராதாபுரம், உடன்குடி, கூடங்குளம் என்று எல்லாப் பள்ளிக்கூடத்துப் பையன்களும் ஆசைதீர லே போட்டுக்கொண்டு திரிந்தார்கள், ஒருத்தனும் மாட்டவில்லை. பள்ளித்துணைக்காரர்கள் பாராட்டி எழுதின கடிதத்தை மகேஸ்வரன் அச்சடித்துச் சுவரில் ஒட்டினான்.

கெசியாவுக்கு அது போதவில்லை. தப்பாகப் பிடிக்கிறதை நிறுத்தியாச்சு, தப்பாக விடுகிறதை என்ன செய்ய? நம்ம ஊரில் ஒருத்தரை நோகடிக்க வசவுதான் வேண்டுமா? இனிக்க இனிக்கப் பேசியே தோலை உரிக்கிற ஆட்கள் இல்லையா? அதுக்கும் மாதிரிச் செய்திகள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து சமாதானபுரத்தில் அக்கா வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா பாக்கியவதி, ஒனக்கு வேற பேச்சே கிடையாதா என்று சலித்துக்கொண்டாள். அக்கா மகள் டார்லின் மட்டும் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

டார்லின் பதினொன்றாம் வகுப்பு. சித்தி என்றால் அவளுக்கு உயிர். சின்ன வயசிலிருந்தே சித்தியை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவாள். பெரியவங்களை அப்படிக் கூப்பிடலாமாட்டி, மரியாதை தெரியாத கழுத என்று பாக்கியவதி வாரத்துக்கு ஒரு தடவையாவது திட்டுவாள். கெசியாதான், கூப்பிட்டுட்டுப் போறா, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு என்று தடுத்துவிடுவாள். அது பொய்யில்லை. அந்த ‘நீ’யைக் கேட்டால்தான் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு செரிக்கும்.

அன்றைக்குக் கை கழுவுகிற இடத்துக்குப் பின்னாலேயே வந்த டார்லின், ரொம்பத் தாழ்ந்த குரலில், மரியாதையாகப் பேசினால் அதுவும் வதை ஆகுமா என்று கேட்டாள். ஏன் கேக்க என்றதும் போனை எடுத்து நீட்டினாள்.

வகுப்புக் குழு. கெசியா மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். ‘அண்ணாச்சி வணக்கம்.’ ‘அண்ணாச்சி சாப்டியளா?’ ‘அண்ணாச்சிக்கு ஒரு சேர் போடுங்கப்பா.’ ‘அண்ணாச்சி கடை தொறந்தாச்சா?’ ‘அண்ணாச்சி, பிளேடு என்ன விலை?’ ஒவ்வொன்றுக்கும் கீழே வரிசையாகக் கைகூப்பின படம். எல்லாம் டார்லினுக்கு. பிள்ளைக்கு மேலுதட்டில் கொஞ்சம் பூனைமுடி, அவ்வளவுதான் விசயம். நாலு மாதமாக நடக்கிறது. ஒரு வசவு கிடையாது, ஒரு லே கிடையாது, ஒரு நீ கூடக் கிடையாது. கடைக்காரப் பெரியவரை எப்படிக் கூப்பிடுவோமோ அப்படியே வாங்க, போங்க, சொன்னியளா, சாப்டியளா. மிஷின் எதைப் பிடிக்கும்? டீச்சர்மார்கூட, பிள்ளைகள் என்னமா மரியாதை கொடுத்துப் பேசுதுக என்று சிரித்துக்கொண்டு போனார்களாம்.

கெசியா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இதை எனக்குத் தா, பேரை எடுத்துட்டு மிஷினுக்குப் படித்துக்கொடுக்கிறேன், இனிமேல் எந்தப் பிள்ளைக்கும் இப்படி நடக்காது என்றாள். டார்லின் அடுக்களைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“அம்மாட்ட சொல்லாத. யார்ட்டயும் சொல்லாத சித்தி. என்னோடதுன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.”

“சொல்லுவனாட்டி?” என்றாள் கெசியா. தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்தாள்.

மொத்தம் இருநூற்றுப் பதினாலு செய்தி. கெசியா ஒவ்வொன்றாகப் படித்து ‘வதை’ குத்தினாள். இரண்டாவது ஆளாக மேலப்பாளையத்து ரைஹானத் உட்கார்ந்தாள். அவளுக்கு யாருடையது என்று தெரியாது. பத்துச் செய்தி படித்ததுமே எழுந்து போய்த் தண்ணி குடித்துவிட்டு வந்து, அக்கா, இந்தப் பிள்ள யாரோ, எப்படித்தான் பொறுத்திச்சோ என்றாள். அவளும் இருநூற்றுப் பதினாலுக்கும் வதைதான் குத்தினாள். இரண்டு பேர் முத்திரையும் ஒத்துப்போச்சு. இனி மகேஸ்வரனுக்கு அதில் வேலையே கிடையாது.

ஆனால் அவன் சும்மா கேட்டான். டீ குடிக்கிற நேரத்தில், இவ்வளவு அசலான சரக்கு எங்கன பிடிச்ச என்றான். கெசியா ஒரு நிமிசம் தயங்கினாள். பிறகு, நம்ம மகேசுதானே, இவனுக்குத் தெரியாமல் நம்ம வீட்டில் என்ன இருக்கு என்று நினைத்து, டார்லினோடது, யார்ட்டயும் மூச்சு விட்ராத என்று சொல்லிவிட்டாள். அவன் முகம் வாடிப்போனது. பாவம் பிள்ள என்று டீயைப் பாதியில் வைத்தான். அந்த வாட்டம் நடிப்பில்லை என்றுதான் கெசியா இன்றைக்கும் நம்புகிறாள். அதுதான் அவளைக் கூடுதலாகக் கொல்லுகிறது.

அடுத்து வந்தது வம்பு. புதுப்பாடம் படித்த மிஷினை வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தால், அது அண்ணாச்சி என்ற சொல்லைக் கண்டாலே பாய்கிறது. ‘கிராப் நோட்டு அண்ணாச்சி கடையில கிடைக்கும்’ என்று ஒரு டீச்சர் போட்ட அறிவிப்பு வதை. ‘வேன் டிரைவர் அண்ணாச்சி இன்னைக்கு லீவு’ என்றால் வதை. பள்ளித்துணைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஓரவஞ்சனையைக் குறைக்கச் சொன்னால் புதுசாக ஒன்றைக் கொண்டுவந்து நுழைத்திருக்கிறீர்களே, பத்து நாளில் சரிபண்ணாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள்.

கெசியா பதறவில்லை. அவளுக்கு வழி தெரியும். சாதாரண அண்ணாச்சிச் செய்தி இரண்டாயிரம் சேர்த்து, அதையும் கூடவே படித்துக்கொடுத்தால் மிஷினுக்கு வித்தியாசம் பிடிபட்டுவிடும். சொல்லைப் பார்க்காதே, யாரைச் சொல்லுகிறார்கள், எத்தனை பேர் கூடிச் சொல்லுகிறார்கள் என்று பார். ஒரு பெண்பிள்ளையை நாற்பது பேர் அண்ணாச்சி என்றால் அது மரியாதையா? மூன்று வாரம் ஆகும், கெடு கேட்டு வாங்கு என்று மகேஸ்வரனிடம் சொன்னாள். பாத்துக்கிடலாம் என்று அவன் தலையாட்டினான்.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் கோயிலில் அசனம். ஊரே கூடிப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். கெசியாவும் பாக்கியவதியும் இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. மகேஸ்வரன். உன் கணக்குக்குள் போய் ஒரு கோப்பு எடுக்க வேண்டும், அவசரம், பாஸ்வேர்ட் என்ன என்றான். ஒரு கையில் குழம்பு வாளி, ஒரு கையில் கரண்டி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னாள். அங்கே அவனுக்குக் கேட்கவில்லை, இங்கே ஒரே இரைச்சல். கடைசியில் பந்தலே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள்: பாக்கியவதி, எழுபத்தொம்பது. பக்கத்தில் நின்ற பாக்கியவதி, எவம்ட்டி எம்பேரையும் பொறந்த வருசத்தையும் கேக்கது என்று முறைத்தாள். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள், கெசியாவும் சிரித்தாள். குழம்பு தீரும் முன்னே அதை மறந்தும்போனாள்.

புதன்கிழமை நல்ல சேதி வந்தது. அண்ணாச்சிப் பிரச்சினை தீர்ந்ததாம், மிஷின் டீச்சர்மாரை விட்டுவிட்டதாம். எப்படி என்று கெசியா கேட்டதுக்கு மகேஸ்வரன், அவங்க பக்கத்து ஆட்களே ஏதோ செஞ்சு தற்காலிகமாச் சரிபண்ணிட்டாங்க, ஒன் இரண்டாயிரத்தைப் பைய சேர்த்துக்கிடலாம் என்றான். அதுக்கு மேலே அவள் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, அதுதான் பழக்கம் செய்கிற வேலை. நேரே போய் டார்லினிடம், ஏட்டி, மிஷினுக்கு இப்பத் தெரியும், இனி எவனாவது ஆரம்பிச்சா அந்தப் புகார்ப் பொத்தானை அமுக்கு, மிச்சத்தை அது பாத்துக்கிடும் என்று அடித்துச் சொன்னாள். பிள்ளை அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் சத்தமாகச் சிரித்தாள்.

பதினோரு நாள் கழித்து டார்லினுக்குப் பிறந்தநாள். காலையில் குழுவில் அவள் படம் வந்தது, உதட்டுக்கு மேலே பெரிய மீசை வரைந்து. ‘நம் பாசத்துக்குரிய அண்ணாச்சிக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்.’ முப்பத்தெட்டுப் பேர் கைகூப்பியிருந்தார்கள். டார்லின் அழவில்லை. சித்தி சொன்ன பொத்தானை அமுக்கினாள்.

மிஷின் பதில் சொல்ல ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. ‘மரியாதையான வாழ்த்து. வதை இல்லை.’

அதோடு போச்சா? பொய்ப்புகார் கொடுத்தால் பெற்றோரைக் கூப்பிடுவது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். மறுநாள் பாக்கியவதி போனாள். வீட்டில் ஒன்றும் தெரியாது அவளுக்கு, மகள் ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் ஆசையாக வாழ்த்தியிருக்கிறார்கள், இவள் வகுப்பையே மாட்டிவிடப் பார்த்திருக்கிறாள், குழுவில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் தலைமையாசிரியை. டார்லின் வாயைத் திறந்து, நான் ஒத்துக்கிட மாட்டேன், எதை வச்சு மிஷின் அப்படிச் சொல்லிச்சுன்னு காட்டுங்க என்றாள். சித்தி சொல்லிக்கொடுத்தது. அப்படிக் கேட்டால் பேரோடு காட்டியாக வேண்டும், சித்தி போராடி வாங்கின சட்டம்.

தலைமையாசிரியை கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். முதல் வரி: ‘அண்ணாச்சி, பிளேடு என்ன விலை?’ முத்திரை: மரியாதை. சரிபார்த்தவர்: த. கெசியா, நெல்முத்து டேட்டா.

பாக்கியவதி பள்ளிக்கூட வாசலில் நின்றே போன் பண்ணினாள். நடந்ததைச் சொல்லி முடித்தாள். “ஒன் பேருதானட்டி அது? வேற கெசியா இருக்காளா அங்க?” என்று கேட்டாள்.

போனை வைத்ததும் கெசியா தன் கணக்கைத் திறந்து பழைய பதிவுகளைத் தோண்டினாள். இருநூற்றுப் பதினாலும் ஒரே சொடுக்கில் வதையிலிருந்து மரியாதைக்கு மாறியிருந்தன. சனிக்கிழமை, பன்னிரண்டு நாற்பத்தொன்று. அவள் மூன்றாவது பந்திக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த நேரம். எழுந்து மகேஸ்வரன் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை. பதிவை அச்சடித்த தாளை அவன் முன்னால் போட்டாள்.

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட அவள் கொஞ்சம் ஆறியிருப்பாள். கெடு கேட்டேன், கொடுக்கவில்லை என்றான். வேலை போயிருந்தால் இங்கே முத்திரை குத்துகிற முப்பது பெண்பிள்ளைகள் தெருவில் நிற்கும் என்றான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன் என்றான். எல்லாம் நியாயம் மாதிரியே இருந்தது. கெசியாவுக்கு ஒன்று மட்டும்தான் தெரிய வேண்டும்.

“அது யாரு மெசேஜுன்னு ஒனக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா செஞ்ச?”

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அதுல பிள்ள பேரே இல்லல்லா கெசியா. அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.”

“எம்பேரு இருக்கே, மகேசு. ஒன் பேர்ல மாத்தியிருக்கலாம்லா?”

“எம்பேர்ல மாத்துனா ஏன் மாத்துனன்னு கேப்பாங்க. ஒன் பேரைப் பாத்தா கேக்க மாட்டாங்க” என்றான்.

பன்னிரண்டு வருசம். பாவி, எங்க வீட்டுச் சோற்றைத் தின்னுட்டு எங்க பிள்ளை வயிற்றிலேயே அடிச்சிட்டியே என்று கத்த வேண்டும் போல இருந்தது. இப்படியும் ஒருத்தன் செய்வானா, இவனையா நம்பினேன், இவனிடமா அவ்வளவையும் கொட்டினேன் என்று மனசு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பேருக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டாக்கி, அந்த மதிப்பை எடுத்தே அவள் பிள்ளையை அடித்திருக்கிறான். இதுக்குத் துரோகம் என்பதைத் தவிர வேறு முத்திரை உண்டா?

தன் இடத்துக்கு வந்து இரண்டு கடிதம் எழுதினாள், ஒன்று பள்ளித்துணைக்கு, ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. இந்த முத்திரைகளை நான் குத்தவில்லை, என் கணக்கில் புகுந்து மாற்றியிருக்கிறார்கள், இருநூற்றுப் பதினாலும் வதைதான் என்று, பதிவின் நகலோடு. ரைஹானத் ஒன்றும் கேட்காமல் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள். சாயங்காலத்துக்குள் கெசியாவின் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். சுவரில் ஒட்டியிருந்த பாராட்டுக் கடிதத்தைத் தாண்டித்தான் படியிறங்கினாள்.

கடிதம் வேலை செய்தது, அதைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் மன்னிப்புப் பேச்சைக் கைவிட்டது. மீசை வரைந்தவனையும் கூட இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். மிஷினில் அண்ணாச்சிப் பாடத்தைத் திருப்பிச் சொல்லிக்கொடுப்பதாகப் பள்ளித்துணைக்காரர்கள் பதில் போட்டார்கள். இந்த நல்ல சேதிகளைச் சுமந்துகொண்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெசியா அக்கா வீட்டுக்குப் போனாள். மூன்று நாளாக டார்லின் அவள் போனை எடுக்கவில்லை.

டார்லின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கெசியா பார்த்தாள், மேலுதடு வழுவழு என்று இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கீறல், காய்ந்த ரத்தம். பிளேடு. கெசியா அதைப் பார்க்காத மாதிரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். அது தான் குத்தின முத்திரை இல்லை, தானும் ரைஹானத்தும் வதை என்றுதான் குத்தினோம், அசனத்தன்றைக்குப் பாஸ்வேர்டை வாங்கி மகேஸ்வரன் மாற்றிவிட்டான், வேலையை விட்டாச்சு, கடிதம் எழுதியாச்சு. டார்லின் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதைக் கெசியா பார்த்தாள். இன்னும் ஒரு சொல் பேசினால் பழையபடி வந்து மடியில் விழுந்துவிடுவாள் போல இருந்தது. அந்த நினைப்பில் கெசியா வாயைக் காக்க மறந்தாள். மனசில் கிடந்த நெருப்பெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

“ஒன்னோடதுன்னு தெரிஞ்சே செஞ்சிருக்காம்ட்டி, அந்தப் பாவி.”

டார்லின் நெற்றி சுருங்கியது.

“என்னோடதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

கெசியா மேசையில் கிடந்த கணக்கு நோட்டைப் பார்த்தாள். பொய் சொல்லலாம். பதிவைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பான் என்றால் பிள்ளை நம்பிவிடும். இந்த ஒரு வாரத்தில் அவள் பட்ட பாட்டுக்குப் பிறகு, இன்னொரு பொய்யை இந்தப் பிள்ளை தலையில் வைக்க அவளால் முடியவில்லை.

“நாந்தான் சொன்னேன்” என்றாள். “நம்ம மகேசுதானேன்னு...”

டார்லின் கோபப்படவில்லை. கத்தியிருந்தால், போடி என்று நோட்டைத் தூக்கி எறிந்திருந்தால் கெசியா அவளைக் கட்டிப்பிடித்திருப்பாள். டார்லின் பைய பேனா மூடியைத் திறந்தாள்.

“நீங்க சொன்னியளா” என்றாள்.

சொன்னியா என்று கேட்கிற பிள்ளை. நடுவில் ஒரு ‘ள’ வந்து உட்கார்ந்துவிட்டது. ஆறு வருசம் தமிழ் நடத்தினவளுக்கு, ஊருக்கே கையேடு எழுதினவளுக்கு, அந்த ஒரு எழுத்து என்னவென்று தெரியாதா?

“சரிங்க சித்தி. காப்பி குடிச்சிட்டுப் போங்க. எனக்குப் பரீட்சை இருக்கு” என்று சொல்லிவிட்டு டார்லின் குனிந்து கணக்கைப் போட ஆரம்பித்தாள்.

அடுக்களையிலிருந்து காப்பியோடு வந்த பாக்கியவதிக்குக் கடைசிப் பேச்சு மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. இத்தனை கலவரத்திலும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“பதினாறு வருசம் கழிச்சு இப்பத்தான் கழுதைக்கு மரியாத தெரிஞ்சிருக்கு” என்றாள்.

கெசியா டம்ளரை வாங்கிக்கொண்டாள்.